சீமாட்டி சாகமாட்டா

அவவின்ர பேரை நான் எழுதப்போறதில்லை. எழுதினால் நாளைக்கே லண்டனில இருந்து போன் வரும். "எடியேய், என்னைக் கேளாமல் என்ர கதையை எழுத உனக்கு ஆர் சொன்னது?" என்று தொடங்கினால், ஊத்தி வைச்ச தேத்தண்ணி ஆறி ஆடை படியும் மட்டும் கதை முடியாது. லண்டனுக்கு மாறிப்போக முதல், டென்மார்க்கில இக்காஸ்டில இருந்த காலம் முழுக்க, எங்கள் எல்லாருக்கும் அவ அக்கா. அது காணும்.

அக்காவிட்ட ஒரு குணம் இருந்தது. நிண்ட இடத்தைவிட்டு அசையமாட்டா. பிடிவாதம் என்று நீங்கள் நினைப்பீங்கள். இல்லை. பிடிவாதக்காரரை எனக்குத் தெரியும், என்ர மனிசனே ஒருத்தர். கத்துவினம், கதவை அடிச்சுச் சாத்துவினம், பிறகு முகத்தை நீட்டிக்கொண்டு திரிவினம். அக்கா இதொண்டும் செய்யிறேல்லை. சிரிச்ச முகத்தோட சும்மா நிப்பா. எதிரில நிக்கிறவருக்குத்தான் கால் உளையும்.

நானும் அவவும் சில்க்போர்க்கில ஒரு வயோதிபர் இல்லத்தில வேலை. விடிய அவவின்ர காரில போவம். அங்க ஒரு கிழவி இருந்தா, சாப்பிடச் சரியாச் சுணங்குவா. ஒருநாள் புதுசா வந்த பொறுப்பாளர் பெட்டை, நேரம் முடிஞ்சுது, கோப்பையை எடுங்கோ என்றாள். அக்கா கரண்டியோட கிழவிக்குப் பக்கத்தில நிண்டா. "அவ இன்னும் சாப்பிட்டு முடியேல்லை" என்று தன்ர கொச்சை டேனிஷில சொன்னா. அவள் திரும்பச் சொன்னாள். அக்காவும் அதையே திரும்பச் சொன்னா, அதே சிரிப்போட. கடைசியில அந்தப் பெட்டை பெருமூச்சு விட்டு, ஒரு கதிரையை இழுத்துத் தானும் இருந்திட்டாள். கிழவி ஆறுதலா முழுப் புடிங்கையும் வழிச்சுச் சாப்பிட்டா.

வேலையில அப்பிடி நிக்கலாம். எங்கட சனத்துக்குள்ள அது லேசில்லை. அக்கா புருஷன் இல்லாதவ. அவர் இக்காஸ்டில தையல் பக்டரி ஒண்டில வேலை செய்தவர். மகள் நடக்கத் தொடங்க முதலே மாரடைப்பில போயிட்டார். அதுக்குப் பிறகு பெட்டையள் பெரியபிள்ளையாகிற சாமத்திய வீடு, கலியாண வீடு எங்க போனாலும் ஆலாத்தித் தட்டு அவவின்ர கைக்கு வராது. ஆரும் வாய் திறந்து சொல்லமாட்டினம். சுமங்கலியளைக் கூப்பிடேக்க அக்கா நிக்கிற பக்கம் ஒருத்தருக்கும் கண் தெரியாது, அவ்வளவுதான். அவ பொட்டு வைக்கிறதையும் நிப்பாட்டேல்லை, மேடைக்குக் கிட்டப் போய் நிக்கிறதையும் நிப்பாட்டேல்லை. அதில முழுசா மாட்டுப்பட்டது வீடியோ அண்ணை.

வீடியோ அண்ணை எங்கட பகுதியில கலியாணம், சாமத்தியம், பிறந்தநாள் எல்லாத்துக்கும் கமராவோட நிக்கிறவர். கெட்டவர் இல்லை, பயந்தவர். மாமி என்ன சொல்லுவாவோ என்ற பயம். மாமி என்றது எங்கட கோயில் முன்வரிசை மாமி; கழுத்து நிறைய நகை, வாய் நிறையச் சட்டம். அவ கண்ணைக் காட்டினால் இவர் கமராவுக்குப் பின்னால இருந்து கெஞ்சுவார்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நிண்டீங்கள் எண்டால் பிரேம் வடிவா இருக்கும்."

"உம்மட பிரேமைக் கொஞ்சம் பெருப்பியும் தம்பி. நான் என்ன, யானையே?"

அவரும் பெருப்பமாட்டார், அவவும் தள்ளமாட்டா. அதாலதான் எங்கட வீட்டு அல்பங்களில ஓரத்தில எப்பவும் அரைவாசித் தோளும் ஒரு சீலைத் தலைப்பும் கிடக்கும். அது அக்கா.

இப்ப படத்துக்கு வாறன். வீடியோ அண்ணைக்கு ஒருநாள் ஞானம் பிறந்தது. கலியாணம் எடுத்துக் களைச்சுப்போனார், இனி முழுநீளப் படம் எடுக்கப்போறாராம். யாழ்ப்பாணத்தில சின்னனில பாத்த ஒரு கறுப்பு வெள்ளை இங்கிலீசுப் படம் அவருக்குள்ள இருந்து போகவே இல்லை. ஒரு பிரபு வீட்டுப் பெம்பிளை. பகலில சீமாட்டி. பொழுதுபட்டால் முகமூடி கட்டிக்கொண்டு குதிரையில ஏறி, றோட்டில போற வண்டியளை மறிச்சுக் கொள்ளையடிப்பாள். கடைசியில சூடுபட்டுச் சாவாள். அதைத் தமிழில திருப்பி எடுக்கிறது. கதை நடக்கிற இடம் ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணம். படம் பிடிக்கிற இடம் இக்காஸ்டுக்கு வெளியில இருக்கிற வெட்டைவெளி.

"அங்க பனை இல்லையே அண்ணை?" என்று நான் கேட்டன்.

"பனையைக் கொம்பியூட்டரில நடலாம்."

கதையையும் எங்கட சனத்துக்கு ஏத்த மாதிரி மாத்தினார். சீமாட்டி புருஷனை இழந்தவள். புருஷன்ர தமையன் காணி, வீடு, நகை எல்லாத்தையும் எடுத்துப்போட்டு அவளை ஒரு மூலை அறையில விட்டிடுறான். அவள் முகமூடி கட்டிக்கொண்டு அவன்ர வண்டியளையே போய் மறிக்கிறாள். சும்மா சொல்லக்கூடாது, கதை நல்லாத்தான் இருந்தது. சீமாட்டியா நடிக்க ஓகூஸில படிக்கிற ஒரு வடிவான பெட்டையைப் பிடிச்சார். நான் தோழி. அக்காவுக்குக் கிடைச்ச வேலை, எல்லாருக்கும் சாப்பாடு கட்டிக் கொண்டுவாறது.

அந்தப் பெட்டை குதிரையைக் கண்டதும் அழுதிட்டாள். கிட்டவே போகமாட்டன் என்றாள். எங்கட சனத்தில குதிரை ஓடத் தெரிஞ்ச பெம்பிளை ஒருத்தரும் இல்லை. மாப்பிள்ளையள் மண்டப வாசலுக்குக் குதிரையில வாறதெல்லாம், டேனிஷ்காரன் கயித்தைப் பிடிக்க, இவை உயிரைப் பிடிச்சுக்கொண்டு வாறதுதான். படம் அதோட சரி என்று நாங்கள் நினைச்சம்.

பனி கரைஞ்ச பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைச்சம். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் கார் நிப்பாட்டிற இடத்துக்குள்ள, ஐஸ்லாந்துக் குதிரை ஒண்டில ஏறி அக்கா வந்தா. ஐம்பதைத் தாண்டின மனிசி! குளிர் ஜக்கெட்டுக்குக் கீழ சல்வார், தலையில சைக்கிள் ஹெல்மெட். குதிரைக்காரப் பெட்டை பக்கத்தில சும்மா நடந்து வந்தாள், கயித்தைத் தொடவே இல்லை. வேலை முடிய என்னை வீட்டில இறக்கிப்போட்டு, ஒருத்தருக்கும் சொல்லாமல் போய்ப் பழகியிருக்கிறா. ஒரே காரில போய்வாற என்னட்டைக்கூட மூச்சு விடேல்லை, கள்ளி. பெரிய உயரமில்லாத, சடை தொங்கிற குதிரை. "நில்லடா" என்றா, நிண்டது.

"தம்பி, அந்தச் சீமாட்டியை நான் செய்யிறன்."

"அக்கா... உங்கட வயசுக்கு..."

"புருஷனையும் குடுத்து, சொத்தையும் குடுத்து, மூலையிலயும் இருந்து முடிய அவளுக்கு என்ன, பதினெட்டு வயசே?"

குதிரை மட்டும் கனைச்சது.

கதையை முழுக்க வாசிச்சுப்போட்டு அக்கா ஒண்டே ஒண்டுதான் கேட்டா. "ஏன் தம்பி இவள் சாகிறாள்?"

"களவெடுத்தவள் தப்பினால் சனம் ஏற்றுக்கொள்ளாது அக்கா. மாமி இப்பவே சொல்லிப்போட்டா. பிள்ளையளுக்கும் ஒரு பாடம் வேணுமெல்லே."

"சொத்தைப் பறிச்ச தமையன்காரன் கடைசியில என்ன ஆகிறான்?"

"அவன்... திருந்திறான்."

"ஓ! அவன் திருந்திறான், இவள் சாகிறாள். நல்ல பாடம்."

பிறகு குரலைத் தணிச்சுச் சொன்னா. "என்ர மனிசன் செத்த அண்டைக்கே இந்தச் சனம் என்னையும் செத்தவளாக்கிப் போட்டுது தம்பி. இன்னொருக்கா என்னால ஏலாது. படம் முடியேக்க நான் உயிரோட இருக்கவேணும். வேற ஒண்டும் நான் உம்மட்டைக் கேக்கேல்லை."

வீடியோ அண்ணை நிலத்தைப் பாத்துக்கொண்டு "பாப்பம் அக்கா" என்றார். அவர் பாப்பம் என்றால் மாட்டன் என்று அர்த்தம், அது ஊருக்கே தெரியும்.

கோடை பிறந்ததும் சனிக்கிழமைகளில படப்பிடிப்பு. மூலை அறைக் காட்சிக்கு சில்க்போர்க் பக்கத்துப் பழைய பண்ணை மாளிகை ஒண்டில ஒரு பின்னேரம் இடம் தந்தினம். பெரிய கண்ணாடி, பெரிய கதிரை, சுவரில ஆரோ வெள்ளைக்காரப் பிரபுக்கள் எங்களைப் பாத்து முறைச்சுக்கொண்டு. அக்கா கதிரையில இருந்தா. வீடியோ அண்ணை கிளிசரினைக் கொண்டுபோய் நீட்டினார்.

"அக்கா, இந்த இடத்தில நல்லா அழவேணும்."

"மூலையில இருக்கிறவை அழுறேல்லை தம்பி. யோசிப்பினம்."

கிளிசரின் போத்தல் திரும்பிப் பையுக்குள்ள போச்சு. அக்கா கதிரையில இருந்தபடி ஜன்னலுக்கு வெளியில பாத்தா. அந்தப் பார்வையை வேலைக்குப் போற காரில நான் எத்தினையோ தரம் கண்டிருக்கிறன். எந்த றோட்டில ஆரை மறிக்கலாம் என்று யோசிக்கிற பார்வை என்று அண்டைக்குத்தான் விளங்கினது.

கொள்ளையடிக்க வண்டி வேணும். ஒல்லாந்தர் காலத்து வண்டிக்கு எங்க போறது? சாமத்திய வீடுகளுக்குப் பிள்ளையை ஏத்திக்கொண்டு வாற வெள்ளை வண்டி ஒண்டை வாடகைக்கு எடுத்தம். பூசணிக்காய் மாதிரி உருண்டை, சுத்திவரப் பிளாஸ்ரிக் ரோசாப்பூ. பூவைக் கறுப்புத் துணியால மூடினம். உள்ளுக்குப் பயணியளா மாமியும் இன்னும் மூண்டு பேரும். மாமி எப்பிடி வந்தா என்று கேக்காதேங்கோ. படத்தில முகம் தெரியும் என்றதும் சட்டமெல்லாம் கொஞ்சம் தளர்ந்துபோச்சு.

வீடியோ அண்ணை எல்லாருக்கும் கவரிங் நகை கொண்டுவந்தவர். ஒருத்தரும் தொடேல்லை. படத்தில கவரிங்கோட நிக்கிறதோ! லொக்கரில கிடந்த நகை முழுக்க அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தினம். கமரா ஓடுது. அக்கா முகமூடியோட குதிரையில வந்து, துவக்கை நீட்டி, "கழட்டுங்கோ!" என்றா. அந்தக் குரலுக்கு நானே என்ர காப்பைக் கழட்டியிருப்பன். உள்ளுக்கு இருந்த நாலு பேரும் தங்கட வசனத்தை மறந்து, சீலைத் தலைப்பை இழுத்துத் தாலிக்கொடியை மூடிப்போட்டினம்.

"எடியேய், இது ஒறிஜினல்!" என்றா மாமி. "நடிப்புக்கும் தாலியைக் கழட்டிறதே! அபசகுனம்! மாட்டன்!"

வீடியோ அண்ணை "கட்" சொல்ல வாயெடுத்தார். அக்கா அவரைப் பாக்கவே இல்லை. துவக்கைக் கொஞ்சம் பதிச்சு, மாமியின்ர முகத்தை வடிவாப் பாத்தா.

"தாலி எனக்கு வேண்டாம். அது போனால் என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும். மிச்சத்தைக் கழட்டுங்கோ."

மாமி காப்பைக் கழட்டினா. நடிப்போ உண்மையோ, ரெண்டு கண்ணாலயும் தண்ணி. வண்டிக் குதிரையைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட டேனிஷ்காரனுக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது, அவனும் அக்காவையே பாத்துக்கொண்டு நிண்டான். எழுதாத அந்த வசனத்தை வீடியோ அண்ணை வெட்டாமல் படத்தில வைச்சார். அதுக்கு அந்த மனிசனுக்கு நன்றி சொல்லத்தான் வேணும்.

கடைசிக் காட்சி ஆவணியில. வெட்டை முழுக்க ஊதாப்பூ. ஒல்லாந்தத் தளபதியா நடிச்சது எங்கட வயோதிபர் இல்லத்துத் தோட்டக்காரன் யென்ஸ். அவன்ர வசனமெல்லாம் டேனிஷ். எங்கட பிள்ளையளுக்கு முழுசா விளங்கப்போற ஒரே ஆள் அவன்தான். யென்ஸ் புகைத் துவக்கை வெடிக்க வைக்கவேணும். அக்கா நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு குதிரையில இருந்து சரியவேணும். கீழ பூவுக்குள்ள மெத்தை ஒளிச்சு வைச்சிருந்தது. வெடிச்சது. புகை வந்தது. அக்கா நிமிந்து இருந்தா.

"அக்கா, வெடிச்சாச்சு!"

"ஓம், கேட்டது."

திரும்பவும் வெடிச்சது. "விழுங்கோ அக்கா! விழுங்கோ!" என்று வீடியோ அண்ணை கத்தினார்.

"ஏலாது தம்பி. அவன் குறி தப்பிட்டான்."

யென்ஸ் பாவம், தான் என்ன பிழை விட்டன் என்று என்னைக் கேட்டான். நீ ஒரு பிழையும் விடேல்லை, அவ சாகிற மாதிரி இல்லை என்றன். இன்னொருக்கா வெடிக்க, அக்கா கடிவாளத்தைத் திருப்பி ஊதாப்பூவுக்குள்ளால குதிரையை விட்டா. வீடியோ அண்ணை கமராவோட கத்திக்கொண்டு கொஞ்சத் தூரம் ஓடினார். பிறகு இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிட்டார்.

அக்கா ஆறுதலாத் திரும்பி வந்து குதிரைக்குக் கரட் குடுத்தா. மகளும் அண்டைக்கு வந்திருந்தாள். தமிழ் முழுக்க விளங்கும், மறுமொழி மட்டும் டேனிஷில வாற பிள்ளை. "சும்மா ஒருக்கா விழுந்தால்தான் என்னம்மா?" என்று டேனிஷில கேட்டாள்.

"நீ சின்னனா இருக்கேக்க நான் ஒருக்கா விழுந்திருந்தால், உன்னை ஆர் தூக்கிறது?" என்று அக்கா தமிழில கேட்டா.

பிள்ளை தானும் ஒரு கரட்டை எடுத்துக் குதிரைக்கு நீட்டினாள்.

"பரவாயில்லை, நான் வெட்டி ஒட்டிச் சமாளிப்பன்" என்றார் வீடியோ அண்ணை. சொன்ன விதத்திலயே எனக்குச் சந்தேகம்.

படம் காட்ட ஹேர்னிங்கில ஒரு தியேட்டரை ஞாயிறு காலமை வாடகைக்கு எடுத்தம். சொன்ன நேரத்துக்கு வந்தது யென்ஸ் மட்டும். வெளிச் சாப்பாடு கூடாது என்று எழுதிப் போட்ட இடத்தில, இருட்டினதும் வீட்டில பொரிச்சுக் கொண்டுவந்த ரோல்ஸ் வாசம். படம் தொடங்கினது. கொம்பியூட்டர்ப் பனை ஒண்டு குதிரைக்கு மேலயே முளைச்சு நிண்டது, சனம் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சுது. அக்கா முகமூடியோட வந்தா, சிரிப்பு நிண்டுபோச்சு. "தாலி எனக்கு வேண்டாம்" என்ற இடத்தில விசில் பறந்தது. கிழடுகள்கூடக் கை தட்டிச்சினம்.

அக்கா நடுவரிசையில எனக்குப் பக்கத்தில. என்ர கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தா, கை ஈரமாக் கிடந்தது. "விழுத்தியிருப்பானோ?" என்று என்ர காதுக்குள்ள கேட்டா. அவ பயந்ததை நான் கண்டது அந்த ஒருக்காத்தான்.

துவக்கு வெடிச்சது. புகை. புகை விலக, ஊதாப்பூவுக்குள்ள கறுப்பு அங்கி போட்ட ஒரு உருவம் குப்புறக் கிடக்குது. வயலின் அழுகுது. அக்காவின்ர கை என்ர கைக்குள்ள இருந்து வழுகிப்போச்சு.

எனக்கு வந்த கோவம்! எழும்பிக் கத்த நான் வாயைத் திறக்க முதல், முன்வரிசையில இருந்து மாமியின்ர சத்தம்.

"அது அவள் இல்லை! காலைப் பாருங்கோ! ஆம்பிளைக் கால்!"

முழு ஹோலும் பாத்தது. அங்கி மேல ஏறி, மயிர் அடர்ந்த ரெண்டு கெண்டைக்கால். அதுக்குக் கீழ வீடியோ அண்ணையின்ர மஞ்சள் சப்பாத்து. மனிசன் தானே அங்கியைப் போட்டுக்கொண்டு தானே செத்துக் கிடக்குது! எங்கட அத்தினை கலியாணத்திலயும் அந்தச் சப்பாத்தைப் பாத்த சனம். சிரிப்பெண்டால் அப்பிடிச் சிரிப்பு. மாமி சிரிக்கேல்லை. எழும்பிப் பின்பக்கம் திரும்பி நிண்டா.

"டேய் தம்பி, அவளை ஏன் சாக்காட்டினனீ? என்ர தாலியை விட்டவள் அவள்! உண்மையா நடந்ததைப் போடு!"

படம் ஓட்டிற அறையில இருந்து வீடியோ அண்ணை வேர்த்து விறுவிறுத்து வெளியில வந்தார். "மாமி, நீங்கள்தானே சொன்னனீங்கள், கள்ளி தப்பக்கூடாதெண்டு..."

"அப்ப சொன்னன். இப்ப வேற சொல்லுறன். போடு!"

"போடு! போடு!" என்று தாய்மார் தமிழில தொடங்க, பிள்ளையள் டேனிஷில தொடங்கினதுகள். அக்காவின்ர மகள் கதிரைக்கு மேல ஏறி நிண்டு கத்துறாள். வீடியோ அண்ணை திரும்பி உள்ளுக்கு ஓடினார். திரை இருண்டது.

பிறகு வந்தது வெட்டாத படம். வயலின் இல்லை, பனை இல்லை. காத்து மட்டும் இரையுது. யென்ஸின்ர துவக்கு வெடிக்குது. அக்கா குதிரையில நிமிந்து இருக்கிறா. கமராவுக்குப் பின்னால இருந்து வீடியோ அண்ணையின்ர குரல் ஹோல் முழுக்கக் கேக்குது. "விழுங்கோ அக்கா! விழுங்கோ!"

"விழாதை!" என்று மாமி கத்தினா.

"விழாதை அக்கா! விழாதை!" முழுச் சனமும் எழும்பிட்டுது.

அக்கா கடிவாளத்தைத் திருப்பிறா. குதிரை பூவுக்குள்ளால வெளிக்கிடுது. "போ! போ!" என்று எல்லாரிலும் சத்தமாக் கத்தினது யென்ஸ், சுட்டவன் தான்தான் என்றதையும் மறந்து. கமரா ஆடுது, அண்ணை மூச்சு வாங்கிறது கேக்குது, அவ தூரத் தூரப் போய்க்கொண்டே இருக்கிறா. ஊதாவுக்குள்ள ஒரு கறுப்புப் புள்ளியா வந்த பிறகும் அங்கி பறக்கிறது தெரிஞ்சுது. அந்தப் புள்ளியும் மறைஞ்ச பிறகும் கை தட்டல் நிக்கேல்லை. நான் விக்கி விக்கி அழுதன். சந்தோசத்தில அப்பிடி அழுவன் என்று எனக்கே தெரியாது.

அழுதபடி அக்காவைத் திரும்பிப் பாத்தன். ஹோல் முழுக்க எழும்பி நிக்குது. அவ மட்டும் கதிரையில வடிவாச் சாய்ஞ்சு இருந்து, ஆறுதலாத் திரையைப் பாத்துக்கொண்டிருந்தா.

"எடியேய்," என்றா, "குதிரை நல்லாப் போகுது, என்ன?"